ஒரு மேசைக்கு ஒரு ஆள்

நம்பரக்காவுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலில் மட்டும் அது வரும். மற்றபடி வாயிற்காவலர் முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் அவர் நம்பரக்காதான். அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத நீண்ட அறை ஒன்று இருக்கிறது. மண்ணுக்குள்ளிருந்து எடுத்த மனித எலும்புகளை அங்கே கழுவி, காயவைத்து, ஒவ்வொன்றின் மேலும் எண் எழுதிப் பெட்டியில் அடுக்குவது அவருடைய வேலை. இருபத்தாறு வருடம் அதைச் செய்தார்.

கேட்பதற்குச் சுலபம். எலும்பைக் குழாய்க்கு அடியில் காட்டக் கூடாது. ஒரு கிண்ணத் தண்ணீர், குழந்தைகளின் பல்துலக்கி, மூங்கில் குச்சி, இவ்வளவுதான் கருவிகள். பல்லைத் தேய்க்கவே கூடாது. அதில் படிந்த காரையில் அந்த ஆள் தின்றது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். வெயிலில் வைத்தால் எலும்பு வெடிக்கும், ஆகவே நிழலில் மூன்று நாள். காய்ந்த பிறகு மூட்டு இல்லாத, தசை பிடித்த தடம் இல்லாத ஓர் இடம் பார்த்து, நகப்பூச்சு மாதிரி ஒன்றைக் கொஞ்சமாகத் தடவி, அதன் மேல் கறுப்பு மையில் எண், அதற்கு மேல் இன்னொரு பூச்சு. எந்தக் குழியில் கிடைத்ததோ அந்தக் குழியின் எண். அது எழுதப்படும் வரை எலும்பு யாருடையதும் இல்லை. எழுதிய பிறகு அந்த எண்ணுக்கு உரியவருடையது, என்றென்றைக்கும்.

இந்த வேலையில் ஒரே ஒரு விதியை அவர் உயிராகக் கடைப்பிடித்தார். ஒரு மேசைக்கு ஒரு ஆள். ஒருவரின் கடைசி விரல் எலும்பு வரை எண் எழுதிப் பெட்டியில் போகாமல் அடுத்தவரின் தட்டு மேசைக்கு வராது. மூவாயிரம் வருடம் பக்கத்துப் பக்கத்துக் குழியில் படுத்திருந்தவர்கள் ஆனாலும் சரி.

வீட்டிலும் இந்தப் பழக்கம் தொற்றியது. டப்பாக்களின் அடியில் எண், சாவிகளில் எண், குடைகளில் எண். அவருடைய கணவர் தையற்காரர். "என் பின்மண்டையிலயும் ஒரு நம்பரப் போட்டு வெச்சிடு. கூட்டத்துல தொலைஞ்சா திருப்பிக் கொண்டாந்து குடுப்பாங்க" என்பார்.

"யாரு எடுத்துக்கிட்டுப் போகப் போறா?" என்பார் நம்பரக்கா.

தையற்காரருக்கு மூன்று வயதில் காய்ச்சல் வந்து இடது கால் சூம்பிப்போனது. தையல் இயந்திரத்தை வலது காலால் மட்டுமே மிதிப்பார். முப்பத்தைந்து வருடமாக ஒரே தெருவில், ஒரே கடை. மனைவி வேலை பார்த்த இடத்துக்கு அவர் வந்ததே இல்லை. அதற்குக் காரணம் பதினாலாம் எண்.

பதினாலாம் குழியில் கிடைத்தவர் அந்த அருங்காட்சியகத்தின் செல்லப்பிள்ளை. மேல்தளத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள், மண்ணில் கிடந்தபடியே கிடத்தப்பட்டிருந்தார். வலது தொடை எலும்பு நீளமாக, கனமாக இருக்கும். இடது தொடை நாலு விரற்கடை குட்டை, மெலிவு. சிறுவயதிலேயே நோயால் கால் வளர்ச்சி நின்றிருக்கிறது, ஆனாலும் ஐம்பது வயது வரை வாழ்ந்திருக்கிறார், ஆகவே கூட இருந்தவர்கள் அவரைக் கைவிடவில்லை. இப்படி ஒரு நூல் எழுதினார் அப்போது இளம் ஆய்வாளராக இருந்தவர். இப்போது அவர்தான் இயக்குநர். "சாய்ந்து நடந்த மனிதர்" என்று பெட்டிக்கு மேல் பெரிய எழுத்தில் இருக்கும். பார்க்க வருகிறவர்கள் அங்கே சற்று நேரம் நின்று, தங்களை அந்த நல்ல மனிதர்களின் வாரிசாக நினைத்துக்கொண்டு, கீழே போய்த் தேநீர் குடிப்பார்கள்.

அலுவலகத்திலிருந்து யார் வீட்டுக்கு வந்தாலும் தையற்காரரைப் பார்த்ததும் "மேல ஒருத்தர் இருக்காரு, அப்படியே உங்கள மாதிரி" என்று ஆரம்பித்துவிடுவார்கள். "அவரு மாதிரி நானா, என்னை மாதிரி அவரா? நான் இன்னும் சாகலையே" என்று சொல்லி அனுப்புவார் அவர். அதனால்தான் வரமாட்டேன் என்று வைராக்கியம்.

நம்பரக்கா ஓய்வுபெற இரண்டு மாதம் இருந்தபோது, ஊழியர்களின் குடும்பத்தினருக்கென்று ஒரு நாள் ஒதுக்கினார்கள். "வேலைய விட்டுப் போகப்போறேன், ஒரு தடவையாவது வந்து பாருங்களேன்" என்று கெஞ்சி அழைத்து வந்தார்.

தையற்காரர் கண்ணாடிப் பெட்டி முன் நின்றார். வழிகாட்டிப் பெண் கதையைச் சொல்லி முடித்து, மரியாதையாக இவரைப் பார்த்துச் சிரித்தாள். இவர் சிரிக்கவில்லை. குனிந்து பெட்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். துணி வெட்டுவதற்கு முன் மேசையில் பரப்பிய துணியை இப்படித்தான் பார்ப்பார்.

"இவருக்கு எத்தனை வயசுல கால் இப்படி ஆச்சுங்கிறாங்க?"

"சின்ன வயசுல" என்றார் நம்பரக்கா.

"இருக்காது."

"ஏங்க, மெதுவா பேசுங்க."

"இடுப்பைப் பாரு. ரெண்டு பக்கமும் ஒரே மட்டம். முதுகு நூல் புடிச்ச மாதிரி நேரா இருக்கு. சின்ன வயசுல ஒரு கால் குட்டையாப் போனவனுக்கு இடுப்பு ஒரு பக்கம் இறங்கிடும், முதுகு அதுக்குத் தக்கன வளையும். என் சட்டைய நானே தெச்சுக்கிறேன். இடது பக்கம் ஒரு விரக்கடை குறைச்சுத்தான் வெட்டுவேன். இத்தனை வருஷமா துவைச்சுப் போடுறியே, பாத்ததில்லை?"

"பாத்திருக்கேன்."

"இவருக்கு நான் சட்டை தெச்சா ரெண்டு பக்கமும் ஒரே அளவுதான். இவரு நொண்டவே இல்லை. யாரோட காலையோ எடுத்து இவருக்கு மாட்டி வெச்சிருக்கீங்க."

வழிகாட்டிப் பெண்ணின் புன்னகை போய்விட்டது. அந்தக் காலை மாட்டியது யாராக இருந்தாலும், அதன் மேல் பதினாலு என்று எழுதியது நம்பரக்காவின் கை.

மறுநாள் காலை பதினைந்தாம் பெட்டியைத் திறந்தார். பதினாலுக்கு அடுத்த குழி. எப்போதோ குழாய் பதிக்கத் தோண்டியதில் பாதி அழிந்துபோனது. கிடைத்தது வலது பக்க இடுப்பெலும்பு, இரண்டு தொடைகள், சில விரல்கள். பெட்டியின் மேல் ஒட்டிய தாளில் "கலந்த எலும்புகள், ஆய்வுக்கு ஏற்றதல்ல" என்று இருந்தது. அப்படி எழுதிய பெட்டியை யாரும் கேட்டு வாங்குவதில்லை. பத்தொன்பது வருடமாக அதன் கயிற்று முடிச்சு அவிழவில்லை.

உள்ளே வலது தொடை சிறியது. இடது தொடை பெரியது.

அளவுப் பலகையில் வைத்து அளந்தார். பெரிய இடது தொடை நானூற்று ஐம்பத்தொரு மில்லிமீட்டர். மேலே கண்ணாடிக்குள் இருக்கும் வலது தொடை, பழைய அளவுத்தாளின்படி நானூற்று ஐம்பத்திரண்டு. பெட்டியிலிருக்கும் சிறிய வலது தொடை முந்நூற்றுத் தொண்ணூறு. மேலே இருக்கும் "நோயுற்ற" இடது தொடையும் முந்நூற்றுத் தொண்ணூறு. இடுப்புக் குழியில் பொருந்தும் பந்தையும் அளந்தார். பெரியவை இரண்டும் நாற்பத்தெட்டு, சிறியவை இரண்டும் நாற்பது. பெட்டியிலிருந்த சிறிய தொடையின் பந்தை அதே பெட்டியின் இடுப்பெலும்பில் வைத்தபோது, சாவி பூட்டில் உட்காருவதுபோல் உட்கார்ந்தது. அகன்ற வளைவுள்ள இடுப்பெலும்பு. பெண்.

ஆக, உயரமான ஓர் ஆண், குள்ளமான ஒரு பெண். இருவருக்கும் கால்களில் ஒரு குறையும் இல்லை. இடது தொடைகள் மட்டும் இடம் மாறியிருந்தன.

எப்போது மாறின என்பதும் நினைவுக்கு வந்தது. பத்தொன்பது வருடத்துக்கு முன், அப்போதைய இயக்குநருக்கு ஓர் ஆசை. எல்லாக் குழிகளின் தொடை எலும்புகளையும் கறுப்புத் துணியில் வரிசையாக வைத்து ஒரே படமாக எடுக்க வேண்டும். "இன்னும் நம்பர் எழுதலை சார்" என்றார் நம்பரக்கா. "அஞ்சு நிமிஷ வேலைம்மா" என்றார் அவர். நம்பரக்கா ஒவ்வொரு எலும்பின் கீழும் ஒரு துண்டுச்சீட்டு வைத்தார். படக்காரர் வந்து, வெள்ளைச் சீட்டுகள் படத்தில் துருத்துகின்றன என்று அத்தனையையும் உருவி எடுத்துவிட்டார். படம் முடிந்ததும் நம்பரக்கா சீட்டுகளைத் திரும்ப வைத்தார். ஓரிடத்தில் கை ஒரு கணம் தயங்கியது. பிறகு எழுதினார். ஒரு மேசையில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்கள் இருந்தது அந்த ஒரே நாள்தான்.

அதற்குப் பிறகு அந்தப் பெட்டியைத் திறக்காமலே எத்தனையோ முறை துடைத்து வைத்திருக்கிறார். மேலே இருந்த எண்ணைப் பார்த்தார், நம்பினார். தன் கையெழுத்தை யாரும் சந்தேகத்தோடு படிப்பதில்லை.

கடிதம் எழுதினார். எண் மாறியது தன் தவறு, கண்ணாடிப் பெட்டியைத் திறந்து சரிபார்க்க வேண்டும், அளவுகள் இணைப்பில். மூன்றாம் நாள் திரும்பி வந்தது. ஓரத்தில் "உரிய வழியில் அனுப்பவும்" என்று சிவப்பு மை. உரிய வழி என்றால் எலும்புக் காப்பறைப் பொறுப்பாளர் பரிந்துரைக்க வேண்டும். பொறுப்பாளர் நம்பரக்காதான். ஆகவே தனக்குத் தானே ஒரு கடிதம் எழுதி, தானே பெற்றுக்கொண்டு, முத்திரை குத்தி, "பரிந்துரைக்கப்படுகிறது" என்று கையெழுத்துப் போட்டு மாடிக்கு எடுத்துப்போனார்.

வாயிற்காவலர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அக்கா, உங்க லெட்டரை நீங்களே தள்ளுபடி பண்ணியிருந்தா?" என்றார்.

"என் மேல நானே புகார் எழுதியிருப்பேன். போய் கேட்டைப் பாரு."

இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. "பரிசீலனையில் உள்ளது." அடுத்த வாரமும் அதே. அதற்குள் இன்னொரு செய்தியும் காதில் விழுந்தது. பள்ளிப் பாடநூலில் சாய்ந்து நடந்த மனிதரைப் பற்றி ஒரு பாடம் சேர்க்கிறார்கள், பிழை பார்த்த பிரதி மாத முடிவில் அச்சுக்குப் போகிறது. நம்பரக்கா ஓய்வுபெறுவதும் அதே மாத முடிவில். அவர் போய்விட்டால் இந்தத் தவற்றை அறிந்தவர் அந்தக் கட்டடத்தில் யாரும் இல்லை. அறிய விரும்புகிறவரும் இல்லை என்பது மாடிப்படி ஏறி இறங்கியதில் தெரிந்துவிட்டது.

சந்திக்க நேரம் கேட்டு நாலாவது முறை போனபோது இயக்குநர் உள்ளே கூப்பிட்டார்.

"உட்காருங்கக்கா. லெட்டர் படிச்சேன்."

"ரெண்டு லெட்டர் சார்."

"ரெண்டும் படிச்சேன். பத்தொம்பது வருஷம் முன்னாடி ஒரு போட்டோ எடுத்தப்ப மாறிடுச்சுன்னு எழுதியிருக்கீங்க. இத்தனை வருஷம் கழிச்சு எப்படி இவ்வளவு உறுதியா?"

"என் ஞாபகத்தை நம்ப வேணாம் சார். பெட்டியத் திறந்து பந்தைக் குழியில வெச்சுப் பாருங்க. அஞ்சு நிமிஷம்."

"திறக்கக் குழுவோட அனுமதி வேணும்."

"குழுவுக்குத் தலைவர் யாரு சார்?"

இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான்தான். அதுக்காக நான் தனியா முடிவெடுக்க முடியுமா?"

அவர் கெட்டவர் இல்லை. நம்பரக்காவுக்குப் பின் இரண்டு மாதம் கழித்து வேலைக்குச் சேர்ந்தவர். ஒரு காலத்தில் கீழ்த்தளத்தில் தரையில் உட்கார்ந்து, முதுகெலும்புக் கணுக்களை வரிசைப்படுத்தக் கற்றவர். அதுதான் நம்பரக்காவுக்கு எரிச்சல். தெரியாதவரிடம் கத்தலாம். தெரிந்தவரிடம் என்ன செய்வது?

"நீங்க சொல்றது சரின்னே வெச்சுக்குவோம்" என்றார் இயக்குநர். "இந்தக் கதையால யாருக்கு என்ன கெட்டுப்போச்சு? அந்தப் புத்தகத்தப் படிச்சிட்டு ஒரு பள்ளிக்கூடத்துல சரிவுப்பாதை கட்டியிருக்காங்க. சக்கர நாற்காலியில ஒரு பிள்ளை அதுல ஏறிப் போற படத்த எனக்கு அனுப்பியிருக்காங்க. அத இடிச்சிடச் சொல்லவா?"

"அந்தப் பொம்பளையோட கால் நல்ல கால் சார்" என்றார் நம்பரக்கா. "அத நோய்க்கால்னு எழுதி விளக்குப் போட்டு வெச்சிருக்கோம். அவளையும் கலந்த எலும்பு, ஆய்வுக்கு ஆகாதுன்னு ஒதுக்கிட்டோம். கலந்தது நான். பழி அவ மேல."

"ஓய்வு பெறுற நேரத்துல எதுக்குக்கா உங்க பேரையே கெடுத்துக்கணும்னு பாக்குறீங்க?"

"கெட்டுப்போனது பேருதானே சார். கால் இல்லையே."

"பாக்கலாம்" என்றார் இயக்குநர். அந்த அறையில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பது இருபத்தாறு வருடத்தில் நம்பரக்காவுக்குப் பழகியிருந்தது.

வீட்டுக்கு வந்து தட்டுகளை வேண்டுமென்றே சத்தமாகக் கழுவினார். தையற்காரர் இயந்திரத்தை நிறுத்தாமலே கேட்டார். "பாத்திரம் என்ன பாவம் பண்ணிச்சு?"

சரிவுப்பாதை விஷயத்தைச் சொன்னார் நம்பரக்கா. இயந்திரம் நின்றது.

"சரிவுப்பாதை கட்டினது நல்லதுதான். எனக்கும் ரெண்டு மூணு இடத்துல வேணும். அதுக்குச் செத்தவன் சிபாரிசு எதுக்கு?" என்றார் தையற்காரர். "அந்தக் காலத்துல நொண்டியத் தூக்கிக் குழியில போட்டாங்கன்னு நாளைக்கு ஒரு எலும்பு சொல்லும். அப்ப இடிச்சிடுவாங்களா?"

"அத அங்க வந்து சொல்லியிருக்கலாம்ல?"

"நீதான மெதுவா பேசச் சொன்ன."

நம்பரக்கா தட்டைத் துடைத்தபடி நின்றார். கணவர் சொன்னது வாதமாகச் சரியாக இருந்தது. ஆனால் மாடியில் இருப்பது வாதம் இல்லை, பூட்டு. அந்தப் பூட்டின் சாவியில் நம்பரக்கா எழுதிய எண் இல்லை.

எதில் அவர் எண் இருந்ததோ அதைப் பற்றி அன்றிரவு அவர் யோசிக்கவில்லை. மூன்று நாள் கழித்து, ஒப்படைப்புப் பதிவேட்டை எழுத உட்கார்ந்தபோதுதான் தோன்றியது. காப்பறைப் பெட்டிகளில் உள்ள எலும்பின் எண் தவறு என்று கண்டால், பொறுப்பாளரே திருத்தலாம். யாருடைய அனுமதியும் வேண்டாம். பழைய எண்ணைச் சுரண்டக் கூடாது. குறுக்கே ஒரு கோடு, கீழே புதிய எண், தேதி, சுருக்கொப்பம். விரல் எலும்புக்கும் விலா எலும்புக்கும் எத்தனையோ முறை செய்த வேலைதான்.

பதினைந்தாம் பெட்டியின் பெரிய இடது தொடையை வெளியே எடுத்தார். மேசையில் வேறு எதுவும் இல்லை. பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய தன் கையெழுத்தைப் பார்த்தார். இப்போதையதைவிட அழகாக இருந்தது, அதுவும் எரிச்சலாக இருந்தது. குறுக்கே கோடு போட்டார். கீழே பதினாலு என்று எழுதினார். மை காய்ந்ததும் மேல்பூச்சு. மேலே காட்சிக்கு வைக்காத சிறு எலும்புகள் கிடக்கும் பதினாலாம் பெட்டியில் அதை வைத்து, நடந்ததை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு மேலே மடித்து வைத்தார். பதினைந்தாம் பெட்டியில் ஒட்டியிருந்த "ஆய்வுக்கு ஏற்றதல்ல" தாளை நனைத்து உரித்தார். புதிய தாளில் "பெண். இடது தொடை இங்கே இல்லை" என்று எழுதி ஒட்டினார்.

கடைசி நாள். புதிய பொறுப்பாளர் இன்னும் நியமிக்கப்படவில்லை, ஆகவே இயக்குநரே பக்கம் பக்கமாகக் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டார். நானூறு பெட்டிகளுக்கு மேல், எண்ணுக்கு ஒரு பக்கம். பதின்மூன்று பக்கம் பேனா ஓடியது. அடுத்த பக்கத்தில் நின்றது.

"இது என்னக்கா, இடது தொடை ரெண்டுன்னு இருக்கு?"

"எண்ணிப் பாத்தா ரெண்டு சார். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. ரெண்டு மேலயும் பதினாலுன்னு இருக்கு."

"ஒரு ஆளுக்கு எப்படி ரெண்டு இடது தொடை இருக்கும்?"

"அதைத்தான் சார் ரெண்டு மாசமா நானும் கேக்குறேன்."

இயக்குநர் பேனாவைக் கோட்டுக்கு மேல் கொண்டுபோனார். ஒன்றை அடித்துவிட்டால் போதும். ஆனால் எந்த ஒன்றை? அதைச் சொல்ல வேண்டுமானால் கண்ணாடியைத் திறக்க வேண்டும். திறக்காமல் அடித்தால், யாரோ ஒருவருடைய காலை அடித்ததாகக் கையெழுத்து நிற்கும். ஒரு காலத்தில் முதுகெலும்பைக் கணுக் கணுவாக அடுக்கியவருக்கு அது கூடவில்லை. குறிப்புக் கட்டத்தில் "சரிபார்க்க வேண்டும்" என்று எழுதினார். தேதி போடவில்லை. கையெழுத்திட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

பாடப்புத்தகம் அது பாட்டுக்கு அச்சுக்குப் போனது. சாய்ந்து நடந்த மனிதர் அதில் ஒன்பதாம் பாடம், படத்தோடு. மேலே கண்ணாடி, விளக்கு, எல்லாம் அப்படியே. ஆண்டு இருப்புக் கணக்கெடுக்க வருகிறவர் மட்டும் இனி பதினாலாம் பக்கத்தைச் சரி என்று குறியிட்டுக் கடந்து போக முடியாது. அவர் எப்போது வருவார், வந்தால் நின்று கேட்கும் ஆளா, கோப்பை மூடிவிட்டுப் போகும் ஆளா, தெரியாது. இருபத்தாறு வருட வேலையில் நம்பரக்காவால் விட்டுவர முடிந்தது ஒரு பக்கத்தில் ஒரு எலும்பு கூடுதல். அதை வெற்றி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரும் சொல்லவில்லை.

அன்று மாலை பிரிவுபசாரத்தில் கொடுத்த கைக்கடிகாரப் பெட்டியோடு கடைக்குள் வந்து, வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்ன ஆச்சு?" என்றார் தையற்காரர்.

"ரெண்டு இடது தொடைன்னு எழுதிட்டு வந்துட்டேன்."

"வலது ஒண்ணு, இடது ரெண்டு. ஆக மூணு காலா?" தையற்காரர் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து மேசையில் போட்டார். "நொண்டியா இருந்தப்பவே தேவலை. இனி அவருக்குப் பேண்ட்டு தெக்கிறவன் செத்தான்."

நம்பரக்கா சிரிக்கவில்லை. "உங்க சட்டையக் கழட்டிக் குடுங்க" என்றார்.

"எதுக்கு?"

"இடது பக்கம் தையல் விட்டிருக்கு. கவனிக்கலையா?"

அவர் கழற்றிக் கொடுத்தார். நம்பரக்கா அதை மேசையில் பரப்பி, மேலே கிடந்த வேறு யாருடையதோ துணியை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு, ஊசியைத் தேடினார்.